அரை இஞ்ச் ராச்சட்

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டு முன்னறையில் முதல் கட்டிலின் மூன்றாவது போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது, சுஜிதா அக்காவின் கையில் இருந்த ராச்சட் பிடியை விட்டது. முழு பலத்தோடு இழுத்த கை, தடுக்க எதுவும் இல்லாமல் நேராகப் போய்க் கட்டில் சட்டத்தின் விளிம்பில் மோதியது. நான்கு விரல் முட்டியிலும் தோல் உரிந்தது. அக்கா கத்தவில்லை, கையை உதறவும் இல்லை. ராச்சட்டைத் திருப்பிப் பிடித்து அதன் தலையைப் பார்த்தாள். பத்து வருஷம் வளர்த்த நாய் முதல்முறையாகக் கடித்தால் அதன் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள்.

கொடைக்கானலில் எங்களுடையதைப் போன்ற வீடுகளுக்கு வருஷத்தில் இரண்டு பிறவி. சாதாரண மாதங்களில் அது மனிதர்கள் குடியிருக்கும் வீடு. ஏப்ரல், மே மாதங்களிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அது கீழேயிருந்து குளிர் காண வருகிறவர்களுக்கான இரண்டு ரூம். அந்த நாட்களில் நாங்கள் நான்கு பேரும் அடுப்படியிலும் அதை ஒட்டிய சாய்ப்பிலும் ஒடுங்கிக்கொள்வோம். முன்னறைகளில் இரும்புக் கட்டில்கள் எழும்பும். நான்கு கட்டில், கட்டிலுக்குப் பதினாறு போல்ட். விடுமுறை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் கட்டில்கள் நிற்கும் வீட்டில் நாங்கள் நிற்க இடமிருக்காது. இந்த அறுபத்து நான்கு போல்ட்டையும் மாட்டுவதும் கழற்றுவதும் அக்காதான். அப்பா இருதயசாமி கோயிலில் உபதேசியார்; பல்பு மாற்றுவதற்கு முன்னால்கூடச் சிலுவை போட்டுக்கொள்பவர். அம்மா தெரசம்மாளுக்குப் பள்ளி விடுதி ஒன்றில் சமையல் வேலை. நான் திண்டுக்கல்லில் கல்லூரி மூன்றாம் வருஷம், வரலாறு. எனவே நடந்து முடிந்தவற்றைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ராச்சட் என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு கைப்பிடி, ஒரு உருண்டைத் தலை. தலையின் ஒரு பக்கம் அரை இஞ்ச் சதுர மூக்கு. அதில் வேண்டிய அளவு சாக்கெட்டை மாட்டிக்கொள்ளலாம். ஸ்பேனரைப் போல ஒவ்வொரு திருப்புக்கும் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒரு பக்கம் போகும்போது முடுக்கும், திரும்பி வரும்போது கிர்ர் என்று சும்மா வரும். தலைக்குள்ளே ஒரு பல்சக்கரம், பல்லைக் கவ்வ ஒரு நாக்கு, நாக்கைத் தள்ள ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். அக்காவுக்குப் பதினாறு வயதில் இதையெல்லாம் எனக்கு விளக்கியபோது நான் தூங்கிவிட்டேன். அவள் அதையும் பொருட்படுத்தாமல் முடிவு வரை விளக்கினாள்.

அந்த ராச்சட் வீட்டுக்கு வந்த விதமும் அப்படித்தான். இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வாசலுக்கு, எனக்கு ஒரு கம்பளி வாங்கி வரச் சொல்லி அம்மா அக்காவை அனுப்பினாள். அக்கா ராச்சட்டும் ஒன்பது சாக்கெட்டும் வாங்கி வந்தாள். அந்தக் குளிர்காலத்தை நான் இரண்டு பள்ளிச் சட்டைகளோடும், செய்தித்தாள் திணித்த ஒரு சாக்கோடும் கழித்தேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஆடாத கட்டில்களில் விருந்தாளிகள் தூங்கினார்கள். அதன் பிறகு தண்ணீர் மோட்டார், அம்மாவின் தையல் மிஷின், கோயில் ஹார்மோனியத்தின் கால், எல்லாவற்றுக்கும் அதுதான். யாருக்கும் இரவல் கிடையாது. எனக்கு ஒரு கிட்னி தேவைப்பட்டால் அக்கா யோசிக்காமல் தருவாள், ராச்சட் தேவைப்பட்டால் எதற்கு என்று கேட்பாள்.

"ஏலே, மஞ்சப்பொடி எடுத்துட்டு வா வெரசா," என்றாள் அம்மா. அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு ஒரு மாசம் கெடக்கு. மோதிரம் போடுற கையா இது? சண்டக்காரன் கை மாதிரி இருக்கு."

அக்கா ராச்சட்டைச் சும்மா காற்றில் திருப்பிப் பார்த்தாள். கிர்ர் சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் வழுவழுவென்று சுற்றியது. பின்பக்கத்து மூடியில் இரண்டு ஸ்குரூ. அதில் ஒன்றின் தலை எப்போதோ மழுங்கிப்போயிருந்தது. அரை மணி நேரம் ஸ்குரூ டிரைவரோடு போராடினாள், திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஸ்பேனரை இரவல் வாங்கி (கேட்டு வாங்கியவன் நான்; அவள் இரவல் கேட்கிற ஜாதி இல்லை) மீதி அறுபத்திரண்டு போல்ட்டையும் கழற்றிக் கழற்றி மாட்டி முடிக்கும்போது மணி மூன்று.

அன்று மாலை மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னாள்.

"இது தானா கெடலடா. கெடுத்திருக்காங்க."

"யாரு?"

"அவங்கதான்."

அவங்க என்றால் ஸ்டீவன். மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு, கொப்பரைக் களம். நவம்பரில் நிச்சயம் முடிந்தது, ஜனவரி கடைசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் இருபது தேங்காயும் ஐந்து லிட்டர் கேனில் சொந்தக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெயும் கொண்டுவந்தார். மதியம் சாப்பிட்டார். கேட்டதற்கு மட்டும் பேசினார். பிறகு எங்கள் முன்னறையில் பேப்பரோடு கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நான் காப்பி கொண்டு போறேன். மடியில இத வச்சிக்கிட்டிருக்காங்க. என்னப் பாத்ததும் பேப்பருக்கு அடியில தள்ளிட்டாங்க. கைய வேற துடைச்சாங்க." அக்கா ராச்சட்டின் கைப்பிடியைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தபோதும். "அதுக்கு முன்னாடிதான் நான் கேட்டேன், இத அங்க எடுத்துட்டு வரலாமான்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அங்க இதெல்லாம் தேவைப்படாதுங்கன்னு. அப்புறம் நான் இன்னைக்குத்தான் எடுக்குறேன். ரெண்டையும் சேத்துப் பாரு."

சேர்த்துப் பார்த்தேன். எனக்கும் நன்றாகப் படவில்லை. ஆனாலும், "போன் பண்ணிக் கேட்டுருவோமா?" என்றேன்.

"கேட்டா இல்லம்பாங்க. அது பொய்யா இருந்தா, அப்புறம் அந்தப் பொய்யோடயும் சேந்து குடித்தனம் பண்ணணும்."

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. முதல் ஓலை முப்பத்தொன்றாம் தேதி. அதை முந்தின நாள் நோட்டில் எழுதி ஃபாதரிடம் கொடுக்க வேண்டியது உபதேசியார், அதாவது அப்பா. மகளின் பெயரை எழுதுவதற்காகவே அவர் புதுப் பேனா ஒன்று வாங்கி, மை இறங்குகிறதா என்று தினமும் கட்டைவிரல் நகத்தில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருல யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு கேக்குறாங்க," என்றாள் அக்கா. "பொண்ணுக்கு இருந்தா எங்க போய்ச் சொல்றதுன்னு சொல்றதில்ல. சனிக்கிழமை அப்பா நோட்ட எடுக்கிறதுக்குள்ள நான் ஒண்ணு முடிவு பண்ணணும். ஒரு பழைய இரும்பு எங்கிட்ட இருக்கிறதே பொறுக்கலன்னா, அங்க போய் நான் என்னத்தக் கையில எடுக்க முடியும்?"

அவள் அழவில்லை. ஆனால் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டாள். தொட்டி நிறைந்து தண்ணீர் முற்றத்துக்கு வந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் அது அழுகையை விடப் பெரிய விஷயம்.

விருந்தாளிகள் வந்தார்கள், கேக் சாப்பிட்டார்கள், குளிருகிறது என்று எங்களிடமே புகார் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை அக்கா என்னை வத்தலக்குண்டுக்கு அனுப்பினாள். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டில்களைக் கழற்ற வேண்டுமே, புது ராச்சட் வேண்டும். மாதிரிக்குப் பழையதைக் கையில் கொடுத்தாள். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகளும் எழுதித் தந்தாள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் இவ்வளவு நிபந்தனை யாரும் எழுதவில்லை. மூக்கு அரை இஞ்ச் இருந்தால்தான் பழைய சாக்கெட் சேரும். திசை மாற்றும் சின்ன நெம்பு, உள்ளங்கை பட்டால் தானாகத் திரும்பிவிடக் கூடாது. தலையைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. காதில் வைத்துத் திருப்பினால் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: மூடியில் ஸ்குரூ இருக்கணும், ரிவெட் அடிச்சது வேண்டவே வேண்டாம், திறக்க முடியாதத வாங்காத.

மலைப்பாதையில் பஸ் இறங்க இறங்க ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்றினார். வத்தலக்குண்டில் இறங்கும்போது நான் மட்டும்தான் குல்லாவோடு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக்கடையில் சுப்புராஜ் என்ற பெரியவர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நாட்காட்டித் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"இத எழுதுனது யாரு?"

"எங்க அக்கா."

"கட எதுவும் வச்சிருக்காங்களா?"

"லாட்ஜுல ரிசப்ஷன்ல இருக்காங்க."

"பாவம்," என்றார். யாரை என்று சொல்லவில்லை.

மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பெட்டியோடு வந்தது, நாற்பத்தாறு சாமான், சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் கைப்பிடி. "இது பரிசு குடுக்குறதுக்கு. வாங்குனவரும் தொறக்க மாட்டாரு, குடுத்தவரும் கேக்க மாட்டாரு." இரண்டாவது வெள்ளி போல மின்னியது, எழுபத்திரண்டு பல். திருப்பினால் சத்தமே பட்டுத்துணி கிழிவது போல இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. "நல்ல பொருள்தான் தம்பி. வண்டி எஞ்சினுக்கு இடுக்குல கைய விட்டு வேல பாக்குறவனுக்கு ஆகும், கொஞ்சூண்டு அசைச்சாலும் கவ்வும். ஆனா பல்லு பொடிசு. துருப்பிடிச்ச கட்டில் போல்ட்ட ஒரே இழுப்பா இழுக்குற கைக்கு இது சரிப்படாது." மூன்றாவது மங்கலான சாம்பல் நிறம், பார்க்க விளக்கெண்ணெய் குடித்தவன் முகம். முப்பத்தாறு பல். மூடியில் இரண்டு ஸ்குரூ. நாக்கும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ள, தனியாக ஒரு பொட்டலத்தில் இன்னொரு ஜோடி. "வீட்டுக்கு இதப் போல ஒண்ணு வந்தா அடுத்து நீங்க என் கடைக்கு வர மாட்டீங்க. அதான் பின்னால வச்சிருக்கேன்."

மூக்கு சேருகிறதா என்று பார்க்கப் பழையதை எடுத்துக் கொடுத்தேன். அவர் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார்.

கிர்ர் என்றது.

மறுபடி திருப்பினார். கிர்ர். ஒரு பெரிய போல்ட்டை மேஜை ஓரத்து வைஸ் இடுக்கியில் மாட்டி, சாக்கெட் போட்டு, தன் முழு உடம்பையும் சாய்த்து இழுத்தார். வைஸோடு மேஜை நகர்ந்ததே ஒழிய ராச்சட் வழுக்கவில்லை.

"இதுக்கு என்ன கொறன்னு கொண்டு வந்தீக?"

"வழுக்குதுங்க. எங்க அக்கா கைய உரிச்சிருச்சு."

"இதா?" மறுபடி இழுத்தார். "இது கழுதையக் கூடக் கட்டி இழுக்கும்."

ஊரிலேயே நல்ல பையன் என்று பெயரெடுத்தவன் வீட்டில் அடிப்பதைக் கேள்விப்பட்டதுபோல நான் அந்த ராச்சட்டைப் பார்த்தேன். சுப்புராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. மழுங்கிய ஸ்குரூவின் தலையில் சின்ன உளியை வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, பள்ளம் உண்டாக்கி, ஒரே திருகில் கழற்றினார். மூடியைத் தூக்கியதும் மோந்து பார்த்தார்.

"எவனோ தேங்கா எண்ண விட்டிருக்கான் தம்பி. நல்லாத்தான் விட்டிருக்கான். இம்புட்டு நெறைய விடத் தேவையில்ல."

உள்ளே பல்சக்கரமும் நாக்கும் ஸ்பிரிங்கும் தெளிந்த எண்ணெயில் பளபளவென்று முழுகியிருந்தன. அந்த வாசம் வந்ததும் எனக்கு எங்கள் அடுப்படி ஞாபகம் வந்தது. டிசம்பர் காலைகளில் எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு வரிசை உண்டு. இரவெல்லாம் மெழுகாக இறுகிக் கிடக்கும் எண்ணெய்ப் பாட்டிலை அம்மா அடுப்பு ஓரத்தில் வைப்பாள். அது இளகி வரும்வரை நாங்கள் சீப்போடு நிற்போம். இருபது வருஷமாக நிற்கிறேன். எங்கள் நால்வர் தலையும் அதே வாசம். அதனால்தான் அந்த வாசத்தை நாங்கள் வாசமாகவே கண்டுகொள்வதில்லை, ராச்சட்டிலிருந்து வந்தபோதும்.

எண்ணெய் இறுகினால் ஸ்பிரிங் நாக்கைத் தள்ளாது. நாக்கு பல்லைக் கவ்வாது. கை போய்ச் சட்டத்தில் இடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

"தொடச்சு மிஷின் ஆயில் போட்டுத் தரட்டுமா?" என்றார் சுப்புராஜ்.

"வேணாங்க. இருக்கிறது அப்படியே இருக்கட்டும். ஸ்குரூ மட்டும் புதுசு போட்டு மூடிருங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாட்காட்டித் தாளையும் ஒரு பார்வை பார்த்தார். குடும்பமே இப்படித்தான் என்று முடிவுக்கு வந்து, ஸ்குரூவுக்குக் காசு வாங்கவில்லை.

சாம்பல் நிறத்தையும் வாங்கிக்கொண்டு அய்யம்பாளையம் பஸ் ஏறினேன். ஸ்டீவன் களத்தில் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் லுங்கியை இறக்கிவிட்டார், பிறகு முகம் மாறியது.

"என்ன மாப்ள, திடுதிப்புனு? அங்க எல்லாரும் சௌகரியந்தான?"

நான் பையிலிருந்து ராச்சட்டை எடுத்துக் கொப்பரை மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் திருடிப் பிடிபட்டவன் முகம், மீசையோடு.

"எண்ண போட்டீங்களா மாமா?"

"போட்டேன். அன்னைக்கு சும்மா எடுத்துத் திருப்பிப் பாத்தேன். கிர்ருனு கத்துச்சு. அதுக்கு எங்கயோ வலிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் கொண்டாந்த கேனு பக்கத்துலயே இருந்துச்சா, அந்த மூடி இடுக்கு வழியா கொஞ்சம் விட்டேன். சத்தம் கொறஞ்சிச்சு. இன்னும் கொஞ்சம் விட்டேன்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அவங்க காப்பியோட வந்துட்டாங்க. அவங்க அனுமதியில்லாம அத யாரும் தொட முடியாதுன்னு நீங்கதான நிச்சயத்தன்னைக்குச் சொன்னீங்க. பயந்து மறைச்சிட்டேன்."

"மேல குளிருல எண்ண உறைஞ்சிரும் மாமா. அது வழுக்கி அக்காவுக்குக் கையெல்லாம் உரிஞ்சிருச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார், கொப்பரை மேலேயே. "எங்க ஊருலயும் தை மாசம் வெள்ளனே பாத்தா பாட்டில்ல லேசா வெள்ள கட்டும். இரும்புக்குள்ள போனா உறையாதுன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "எந்தக் கை?" என்றார்.

"வலது கை. நாலு முட்டி."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார், காயம் அங்கே இருப்பது போல.

நான் அடுத்ததைக் கேட்டேன். கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. "அங்க இதெல்லாம் தேவைப்படாதுன்னு சொன்னீங்களாம்."

"ஆமா. தேவைப்படாது." எழுந்தார். "வாங்க, காட்டுறேன்."

வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கயிற்றுக் கட்டில். மாட்டுக்கொட்டகைப் படல், கயிற்றால் கட்டியது. ஏணி, கயிற்றால் கட்டியது. துணிக்கொடி, ஊஞ்சல், உறி, ஜன்னல் கதவின் கொக்கிக்குப் பதிலாக ஒரு முடிச்சு. சுவரில் மாதா படம்கூடத் தேங்காய் நாரில் தொங்கியது. நான் தேடிப் பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு போல்ட் கூட இல்லை.

"இதத்தான் சொன்னேன் மாப்ள. வேற ஒண்ணும் நெனைக்கல. பஸ்ஸுல திரும்பி வரும்போதுதான் அவங்க மொகம் மாறுனது ஞாபகம் வந்துச்சு. போன்ல என்னன்னு சொல்றது? எங்க வீட்டுல போல்ட்டு இல்லன்னா?"

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, உள்ளறைக் கதவைத் திறந்தார். சுவரோரம் துளை துளையாக இரும்புச் சட்டங்கள் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தன. பக்கத்தில் ஐந்து தகரத் தட்டு. அதன் மேல் ஒரு பாலிதீன் பையில் நட்டும் போல்ட்டும். சாமான் வைக்கும் ரேக், பிரித்தபடியே.

"கடையில மாட்டித்தான் குடுப்போம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நாப்பது போல்ட்டு இருக்கு. அவங்க வந்து மாட்டட்டும்." கழுத்து சிவந்தது. "சொல்லிராதீங்க. அவங்களா வந்து பாக்கட்டும்."

அவர் அம்மா கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தவர், பஸ் தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார்.

"இதுக்கு எந்த அளவு வேணும்னு அவங்ககிட்டக் கேளுங்க. அவங்ககிட்ட இல்லாத அளவுன்னா இப்பவே மாத்திருவேன்."

மலை ஏறி வீடு சேரும்போது இருட்டிவிட்டது. விருந்தாளிகள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை. அக்கா புது ராச்சட்டை மட்டும் வாங்கிக் காதில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள். மூடியின் ஸ்குரூக்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரு காரியத்தை அவள் திருத்தாமல் விட்டது அதுவே முதல்முறை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அடுப்படியில் நானும் அவளும்தான் எழுந்திருந்தோம். வாயைத் திறந்தால் புகை வந்தது. பழையதை அவள் முன்னால் வைத்து, "கடைக்காரர் ஸ்குரூ மாத்தியிருக்காரு. நீயே தொற," என்றேன்.

இரண்டு திருகில் மூடி வந்துவிட்டது. உள்ளே பல்சக்கரமே தெரியவில்லை. தலை முழுக்க வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. அக்கா அதை முகத்தருகே கொண்டு போனாள். பிறகு அடுப்பு ஓரத்தில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாள். அதுவும் அதே வெள்ளை. விரல் முட்டிகளில் காயம் ஆறி வந்த பொருக்கு கறுத்திருந்தது. அந்த விரல்களாலேயே வெள்ளையைக் கொஞ்சம் வழித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். உருகி, விரல்கள் மினுங்கின.

"வத்தலக்குண்டுல நல்லா வேலை செஞ்சுச்சுக்கா. கழுதையக் கட்டி இழுக்கலாம்னாரு."

"அவங்க வீட்டுக்கும் போனியா?"

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"கத்துச்சாம். வலிக்கிற மாதிரி இருந்துச்சாம். அதான் விட்டேன்னாங்க."

"தேவைப்படாதுன்னது?"

ரேக் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிரித்தாள். ஒரு போல்ட், அதன் நட்டு. துருப்பிடிக்காமல் இருக்கவோ என்னவோ, அதையும் எண்ணெயில் முக்கி எடுத்திருந்தார். அது காகிதத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இதுக்கு எந்த அளவு வேணும்னு கேக்கச் சொன்னாங்க. ஒங்கிட்ட இல்லன்னா மாத்திருவாங்களாம்."

"எதுல உள்ளது இது?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

அக்கா போல்ட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள். சாக்கெட் டப்பாவை இழுத்தாள். முதலாவது சின்னது. இரண்டாவது ஏறவில்லை. மூன்றாவது, ஆட்டம் இல்லாமல், உட்காருவதற்காகவே செய்ததுபோல உட்கார்ந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தாள். பிறகும் ஒருமுறை.

"எத்தன இருக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"எண்ணல. நெறைய."

சாம்பல் நிறப் புது ராச்சட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "ரெண்டாவது ரூம்ல ஜன்னலோரக் கட்டில் ஒரு கால் ஆடுது. ஆளு எந்திரிச்சதும் போய் முடுக்கு. நெம்பு எந்தப் பக்கம் இருக்கணும்னு தெரியுமா?"

தெரியாது. தெரியும் என்றேன்.

பழைய துணி எடுத்துத் தரட்டுமா, வழித்துப் போட்டுவிட்டு மிஷின் ஆயில் விடலாமே என்று கேட்டேன். மூடி திறந்தபடியே ராச்சட்டை அடுப்பு ஓரத்தில், எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். போல்ட்டை அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

அப்போதுதான் சாய்ப்பிலிருந்து அப்பா வந்தார். குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் போர்வை. கக்கத்தில் கோயில் நோட்டு, கையில் புதுப் பேனா. கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். குளிருக்கு மை இறங்கவில்லை போலிருக்கிறது, பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"சுஜி, ஓலை எழுதிரட்டுமாம்மா?"

அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்றாள். "இது இளகட்டும்."

அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்காமல். ராச்சட்டின் தலையில், நெருப்புக்குப் பக்கத்து ஓரத்தில், வெள்ளை முதலில் மங்கியது. பிறகு அந்த ஓரம் மட்டும் கண்ணாடியானது. அதற்குள் ஒரு பல் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு பல்.